‘இவனுக்குக் கணக்கு வராது’ என்று சொல்லித் திரியும் பெற்றோருக்கு

பத்தாம் வகுப்பு முடிவு வந்த வாரத்தில் எந்த வீட்டுக்குப் போனாலும் இந்த வசனம் காதில் விழும். “மத்ததெல்லாம் பரவாயில்லைங்க, கணக்குதான் இவனுக்கு வராது.” சொல்கிறவர் குரலில் வருத்தம்கூட இருக்காது. எங்கள் குடும்பத்தில் சுகர் உண்டு என்று டாக்டரிடம் சொல்கிற அதே தொனி. “அவங்கப்பாவுக்கும் வராது, எனக்கும் வராது” என்று வம்சாவளியும் கூடவே வரும். பிள்ளை அங்கேயேதான் நின்றுகொண்டிருப்பான். வந்தவர்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்ததே அவன்தான்.

அவன் தமிழில் நாற்பது வாங்கியிருந்தால் “இவனுக்குத் தமிழ் வராது” என்பீர்களா? “ஒழுங்காப் படிக்கல” என்பீர்கள். அறிவியலில் குறைந்தால் டீச்சர் சரியில்லை என்பீர்கள். கணக்கில் குறைந்தால் மட்டும் அது பிறவிக் குணமாகிவிடுகிறது. படிக்காததற்குப் பரிகாரம் உண்டு. பிறவிக் குணத்துக்கு யார் என்ன செய்ய முடியும்? ஆகவே ஒன்றும் செய்யாமல் விடுவதற்கு நமக்கு ஒரு சௌகரியமான காரணம் கிடைத்துவிடுகிறது. பிள்ளையும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறான். வராத ஒன்றோடு எதற்கு மல்லுக்கட்ட வேண்டும்?

நான் பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் பாடம் நடத்துகிறவன். வீட்டில் எனக்கும் பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை உண்டு. விண்ணப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு உங்களோடு அதே வரிசையில் நிற்கிறவன்தான். வரிசையில் கேட்கிற பேச்சு அப்படி, கோபம் வருகிறது. சொல்லிவிடுகிறேன்.

இதில் இரண்டு கட்சி. முதல் கட்சி, கணக்கு மார்க் குறைந்த உடனே மெஷின், மின்சாரம், கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கதவைச் சாத்திவிடும். வீட்டில் மிக்ஸி நின்றால் ஸ்குரூ டிரைவரோடு உட்கார்ந்துவிடுகிற பையன், பிடிக்காத குரூப்பில் இரண்டு வருடம் சும்மா உட்கார்ந்திருப்பான். இரண்டாவது கட்சி, மார்க் என்னவானாலும் பி.இ. சேர்த்தே தீரும். வேடிக்கை என்னவென்றால் பல வீடுகளில் இரண்டு கட்சிக்கும் தலைவர் ஒருவரே. பத்தாவது முடித்தபோது “கணக்கு வராது” என்று ஊருக்கெல்லாம் சொன்னவர், பிளஸ் டூ முடிந்ததும் நகையை அடகு வைத்து மேனேஜ்மெண்ட் கோட்டாவில் சீட் வாங்குகிறார். என்ன சீட்? ‘ஏ.ஐ. அண்ட் டேட்டா சயன்ஸ்’.

ஐயா, அம்மா, அந்தப் படிப்புக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு தடவையாவது பார்த்தீர்களா? பாடத்திட்டம் கல்லூரியின் இணையதளத்திலேயே இருக்கிறது. அணிகள், நிகழ்தகவு, புள்ளியியல், நுண்கணிதம். ஒரு கணினி படத்தைப் பார்த்து இது பூனை என்று சொல்வதற்குப் பின்னால் நடப்பது பெரும்பாலும் அணிப் பெருக்கல். அது தன் தவறைத் திருத்திக்கொள்ளும் முறைக்கு அடிப்படை வகைக்கெழு. பொறியியலில் இருக்கிற பிரிவுகளிலேயே கணக்கு ஆழமாக வேண்டிய இடங்களில் இதுவும் ஒன்று. பெயரில் கம்ப்யூட்டர் வாசனை அடிக்கிறது, அண்ணன் மகன் அதில்தான் சேர்ந்திருக்கிறான் என்பதற்காக, கணக்கைக் கண்டால் ஓடுகிறான் என்று நீங்களே சான்றிதழ் கொடுத்த பிள்ளையை அதன் நடுவில் கொண்டுபோய் உட்கார வைக்கிறீர்கள்.

2021-ல் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சில், பொறியியலின் சில பிரிவுகளில் சேரப் பிளஸ் டூவில் கணக்கும் இயற்பியலும் கட்டாயமில்லை என்கிற விதமாக விதியைத் தளர்த்தியது. அன்றைக்கு வாட்ஸ்அப்பில் பார்க்க வேண்டுமே, ‘இனி கணக்கு இல்லாமல் இன்ஜினீயர்’ என்று ஒரே கொண்டாட்டம். தளர்ந்தது சேர்க்கை விதி மட்டும்தான். உள்ளே இருந்த கணக்குப் பாடம் ஒரு பக்கம்கூடக் குறையவில்லை. அப்படி வருகிறவர்களுக்கு இணைப்புப் பாடம் வைத்துக் கணக்கையும் இயற்பியலையும் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று அந்த விதி வந்த கையேடே சொன்னது. அந்த வரியை யாரும் பார்வர்டு செய்யவில்லை.

பி.இ.யில் எம்-ஒன், எம்-டூ, எம்-த்ரீ என்று பிள்ளைகள் சொல்வார்கள். முதல் சில செமஸ்டர்களில் செமஸ்டருக்கு ஒரு கணிதத் தாள். எம்-ஒன்னில் அரியர் வைத்தவன் எம்-டூவில் அதே ஓட்டையோடு போய் உட்காருகிறான். மூன்றாம் ஆண்டில் நாலைந்து அரியரைச் சுமந்துகொண்டு, வீட்டில் சொல்லாமல், கட்டணத்தை நண்பனிடம் கடன் வாங்கிக் கட்டுகிறான். வளாக நேர்காணலுக்கு வருகிற நிறுவனங்கள் பலவற்றில் அரியர் இருந்தால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். சில பேர் வேலைக் கடிதம் வாங்கியும், கடைசியில் அந்த ஒரு தாள் தேறாமல் பட்டம் கைக்கு வராமல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அப்போதும் பெற்றோர் சொல்வது என்ன? “நான்தான் அப்பவே சொன்னேனே, இவனுக்குக் கணக்கு வராது.”

சேர்க்கைக் கணக்கையாவது நாம் சரியாகப் போடுகிறோமா என்றால் அதுவும் இல்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் பெயரில் எல்லோரும் பேசுகிற அந்த 200-க்கான கட்-ஆஃபில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. கணக்கில் 50-ம் மற்ற இரண்டிலும் 80-ம் வாங்கியவனுக்கு 130 வரும். கணக்கில் 80-ம் மற்ற இரண்டிலும் 50-ம் வாங்கியவனுக்கும் அதே 130. தரவரிசையில் இரண்டு பேரும் அருகருகே நிற்பார்கள். ஒரே கல்லூரியில் ஒரே பிரிவு கிடைக்கக்கூடும். முதல் செமஸ்டர் முடிவு வரும்போது இருவரும் அருகருகே இருக்க மாட்டார்கள். கட்-ஆஃப் சீட்டைத்தான் காட்டும். பிள்ளை உள்ளே எதில் தடுக்குவான் என்பதை பாடவாரி மதிப்பெண்களைப் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும்.

சரி, கணக்கு வராது என்கிறீர்களே, எந்தக் கணக்கு? இதைக் கேட்டால் பெற்றோர் விழிக்கிறார்கள். கணக்கு என்பது ஒரே பொருள் இல்லை. கூட்டல் கழித்தல் ஒன்று, பின்னம் ஒன்று, விகிதம் ஒன்று, எழுத்துகளை வைத்துப் போடுகிற இயற்கணிதம் ஒன்று, வடிவியல் ஒன்று. வாக்கியமாகக் கொடுத்த கணக்கைப் படித்துப் புரிந்துகொள்வது இன்னொன்று. அதில் தவறுகிற பலருக்குப் பிரச்சினை வாசிப்பில்தான். வடிவியலில் கெட்டிக்காரனாகவும் இயற்கணிதத்தில் மந்தமாகவும் ஒரே பிள்ளை இருக்கலாம். மார்க் ஷீட்டில் இத்தனைக்கும் சேர்த்து ஒரே எண்.

முதலாண்டுப் பிள்ளைகளிடம் நான் ஒரு சின்னக் காரியம் செய்வதுண்டு. ஸ்பானர் செட்டைப் பரப்பி வைத்து, 7/16 பெரிதா, 3/8 பெரிதா என்று கேட்பேன். பத்தாம் வகுப்பில் இருபடிச் சமன்பாட்டைச் சூத்திரம் போட்டுத் தீர்த்து மார்க் வாங்கி வந்தவர்களில் பலர் தடுமாறுவார்கள். எட்டைப் பதினாறாக்கினால் 3/8 என்பது 6/16 என்று சட்டென்று தோன்றாது. அவர்களுக்கு ஓட்டை விழுந்த இடம் இருபடிச் சமன்பாடு இல்லை. ஐந்தாம் வகுப்பிலோ ஆறாம் வகுப்பிலோ பின்னம் நடத்தியபோது அம்மை போட்டு இரண்டு வாரம் லீவில் இருந்திருப்பான், இல்லையென்றால் அறுபது பேர் வகுப்பில் கடைசி பெஞ்சில் இருந்திருப்பான். அதற்குப் பிறகு வந்த எல்லாக் கணக்கையும் புரிந்துகொள்ளாமல் மனப்பாடம் செய்தே கரையேறியிருக்கிறான். நம் ஊரில் கணக்கை மனப்பாடம் செய்ய முடியும். புத்தகப் பயிற்சிக் கணக்குகளை நாலு தடவை எழுதிப் பார், அதே எண்ணோடு வந்தால் போடு, எண் மாறினால் விட்டுவிடு என்று சொல்லிக் கொடுக்கிற ட்யூஷன் சென்டர்கள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. பணம் கட்டுகிறவர்கள் நாம்.

அதே பையனைப் பட்டறையில் இரண்டு வாரம் விட்டுப் பாருங்கள். 7/16 நட்டுக்கு 3/8 ஸ்பானர் நுழையாது என்பது கைக்குத் தெரிந்துவிடும். கைக்குத் தெரிந்த பிறகு பலகையில் எழுதிக் காட்டினால், “ஓ, இதுதானா சார்” என்கிறான். வெர்னியர் காலிபர் இன்னும் நல்ல உதாரணம். நகரும் அளவுகோலில் 50 கோடுகள், பிரதான அளவுகோலில் 49 மில்லிமீட்டருக்குள் அடங்கியிருக்கும். ஆகவே ஒவ்வொரு கோடும் 0.02 மில்லிமீட்டர் குறைவு. வகுப்பில் தசமக் கழித்தல் போடத் தெரியாதவன், லேத்தில் தானே கடைந்த துண்டை அளந்து 24.36 என்று சொல்கிறான். சொல்லிவிட்டு, வரைபடத்தில் கேட்ட அளவுக்கு இன்னும் எவ்வளவு கடைய வேண்டும் என்று அவனே கழித்துக்கொள்கிறான். தப்பாகக் கழித்தால் துண்டு வீண், திரும்ப முதலிலிருந்து ஹேக்ஸா பிடித்து அறுக்க வேண்டும் என்பதும் அவனுக்குத் தெரியும்.

தொழிலில் அன்றாடம் புழங்குகிற கணக்கு பெரும்பாலும் இந்த அளவில்தான் இருக்கிறது. 2,000 வாட் கீசரை 230 வோல்ட்டில் போட்டால் எத்தனை ஆம்பியர் இழுக்கும்? ஒரு வகுத்தல். ஏறக்குறைய 8.7. ஆகவே சாதாரண 6 ஆம்பியர் பிளக்கில் சொருகக் கூடாது, 16 ஆம்பியர் பாயிண்ட் வேண்டும். இந்த வகுத்தலைப் போடாத எலெக்ட்ரீஷியன் வேலை செய்த வீட்டில் ஒயர் சூடாகி உருகும். கட்டட வேலையில் கம்பி எடைக்கு எல்லா சூப்பர்வைசருக்கும் தெரிந்த ஒரு வழி உண்டு: கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து அதையே அதால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வந்துவிடும். 12 எம்.எம். கம்பி என்றால் 144-ஐ 162-ஆல் வகுக்க வேண்டும், ஏறக்குறைய 890 கிராம். எஃகின் அடர்த்தியிலிருந்தும் வட்டத்தின் பரப்பிலிருந்தும் அந்த 162 எப்படி வந்தது என்று டிப்ளமோ படிப்பவன் தெரிந்துகொள்வது நல்லது. லாரியில் வந்து இறங்கிய கம்பி சரியான எடையா என்று பார்க்க அது தெரிந்திருக்க வேண்டியதில்லை. அஸ்திவாரத்துக்கு மூலைமட்டம் பார்க்கிற கொத்தனார் ஒரு பக்கம் மூன்றடி, மறு பக்கம் நாலடி, குறுக்கே ஐந்தடி என்று நூல் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். பிதாகரஸ் பெயரைச் சொன்னால் அவருக்குத் தெரியாது. மூலை மட்டும் பிசகாது.

இதை வைத்துக்கொண்டு உடனே மறு கோடிக்கு ஓடாதீர்கள். “கணக்கே இல்லாத டெக்னிக்கல் கோர்ஸ் எது சார்?” என்று வருடா வருடம் யாராவது கேட்கிறார்கள். அப்படி ஒன்று கிடையாது. டிப்ளமோ முதலாண்டிலும் கணிதத் தாள் உண்டு, அதில் இடறுகிறவர்கள் உண்டு. ஐ.டி.ஐ.யில் பட்டறைக் கணக்கீடு என்று ஒரு பாடமே இருக்கிறது. எலெக்ட்ரானிக்ஸ், கண்ட்ரோல் சிஸ்டம், கட்டட அமைப்பியல் போன்றவற்றில் மேலே போகப் போகக் கணக்கு ஏறிக்கொண்டேதான் போகும். அங்கே போய் உழைப்பால் சமாளித்துவிடலாம் என்று நினைத்தால் பிள்ளை நொந்துபோவான். இன்னொன்றையும் மறந்துவிடுகிறோம். கணக்குக்குப் பயந்து என்ன படிப்பு படித்தாலும், வேலைக்குப் போகிற வாசலில் அது மறுபடி நிற்கும். வளாக நேர்காணலின் முதல் சுற்று ஆப்டிட்யூட் தேர்வு. சதவீதம், விகிதம், வேலையும் நேரமும், ஓடுகிற ரயிலின் நீளம். ரயில்வேயில் உதவி லோகோ பைலட் வேலைக்கு ஐ.டி.ஐ. முடித்தவர் எழுதுகிற தேர்விலும் கணிதம் உண்டு. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4-ல் 200 கேள்விக்கு 25 கேள்வி இதிலிருந்துதான்.

அந்த வாசல்களில் கேட்கிறவை பெரும்பாலும் எட்டாம், ஒன்பதாம் வகுப்புக் கணக்கு. இங்கேதான் நம்மிடம் எனக்கு அதிகக் கோபம். எட்டாம் வகுப்புக் கணக்கில் விழுந்த ஓட்டையை எந்த வயதிலும் அடைக்கலாம். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்தால் கையில் இரண்டு மாதம் இருக்கிறது. நாம் என்ன செய்கிறோம்? தேர்வு முடிந்த மறு வாரமே பிளஸ் ஒன் பாடத்துக்கு முன்கூட்டியே கோச்சிங் சேர்த்துவிடுகிறோம். பின்னம் தெரியாதவன் தலையில் முக்கோணவியல் ஏறுகிறது. அதற்குப் பதில் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகங்களை எடுங்கள். பாடநூல் கழகத்தின் புத்தகங்களை இணையத்தில் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். பின்னம், தசமம், விகிதம், சதவீதம், குறை எண்கள், எளிய சமன்பாடு, அலகு மாற்றம். தினமும் அரை மணி நேரம் போதும். ஆறாம் வகுப்புப் புத்தகத்தைப் பதினாறு வயதுப் பையன் கையில் கொடுக்க உங்களுக்குத்தான் வெட்கமாக இருக்கிறது. அவனுக்குப் பெரும்பாலும் நிம்மதியாகத்தான் இருக்கும். முதல் முறையாகக் கேட்ட கணக்குக்கெல்லாம் விடை வருகிறது அல்லவா.

சொல்லிக் கொடுக்க நீங்களே உட்காருகிறீர்களா? கொஞ்சம் யோசித்து உட்காருங்கள். சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கணக்கு என்றால் தாமே பதறுகிற பெற்றோர், வீட்டுப் பாடத்தில் அடிக்கடி உதவப் போனால், அந்தச் சின்னப் பிள்ளைகள் ஆண்டு முடிவில் கணக்கைக் குறைவாகக் கற்றிருந்தார்கள், பயமும் கூடியிருந்தது. அதே பதற்றம் உள்ள பெற்றோர் அதிகம் தலையிடாத வீடுகளில் இந்தப் பாதிப்பு தெரியவில்லை. நம் வீட்டுக் காட்சியை நினைத்துப் பார்த்தால் ஆச்சரியமே இல்லை. “இதுகூடவா தெரியல?” என்று ஆரம்பித்து, மூன்றாவது நிமிடத்தில் குரல் உயர்ந்து, பென்சில் பறந்து, அம்மாவும் பிள்ளையும் ஆளுக்கொரு அறையில் அழுதுகொண்டிருக்கும். உதவ வேண்டாம் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. நம் பயத்தையும் சேர்த்துப் பரிமாற வேண்டாம் என்பதுதான் எனக்குப் படுகிறது. பொறுமையான அத்தையோ மாமாவோ, கணக்கு பிடித்த எதிர் வீட்டுக் காலேஜ் பெண்ணோ இருந்தால் அவர்களிடம் விடுங்கள். அபாகஸ் வகுப்புக்கு அனுப்பிவிட்டேனே என்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: அதில் கூட்டல் பெருக்கல் வேகம் கூடலாம். பின்னத்தில் விழுந்த ஓட்டையை வேகம் அடைக்காது.

சில பிள்ளைகளுக்கு விஷயம் வேறு. எண்ணின் அளவே மனதில் நிற்காது. கடிகாரம் பார்ப்பது, மீதிச் சில்லறை எண்ணுவது, எந்த எண் பெரிது என்று சொல்வதுகூடத் தொடர்ந்து சிரமமாக இருக்கும். டிஸ்கால்குலியா என்று அதற்குப் பெயர். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடுகளில் ஒன்றாக அதைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறார்கள். முறையாகப் பரிசோதித்துச் சான்று பெற்றால் தேர்வில் சலுகைகள் கேட்கலாம். நான் பேசிக்கொண்டிருக்கிற ‘கணக்கு வராது’ பெரும்பாலும் இது இல்லை. ஆனால் இதுதான் என்று சந்தேகம் இருந்தால், திட்டுவதை நிறுத்திவிட்டு உளவியல் நிபுணரிடம் அழைத்துப் போங்கள். சின்ன வகுப்பிலேயே போனால் நல்லது.

பிள்ளையைத் தேற்றுகிறேன் என்று “ஐன்ஸ்டைனே கணக்கில் ஃபெயில்” என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அது பச்சைப் பொய். பதினைந்து வயதுக்கு முன்பே நுண்கணிதத்தைக் கரைத்துக் குடித்தவர் அவர். இந்தப் பொய்யை நம்பி ஆறுதல் அடைகிற பிள்ளை, உண்மை தெரிகிற அன்றைக்கு உங்களையும் சேர்த்து நம்பாமல் போவான். உண்மையான ஆள் வேண்டுமென்றால் மைக்கேல் ஃபாரடே இருக்கிறார். லண்டனில் புத்தகம் பைண்டு செய்கிற கடையில் தொழில் பழகியவர். முறையான கணிதப் படிப்பு அவருக்குக் கிடைக்கவில்லை. 1831-ல் மின்காந்தத் தூண்டலைக் கண்டுபிடித்தார். இன்றைக்கு மேட்டூரில் சுற்றுகிற ஜெனரேட்டரும் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரும் அதில் ஓடுகின்றன. காந்தத்தைச் சுற்றி இரும்புத் தூள் அமைகிற கோடுகளை மனக்கண்ணில் கண்டு, அந்தக் கோடுகளை வைத்தே சிந்தித்தார். அந்தச் சிந்தனைக்கு ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் பின்னால் கணித வடிவம் கொடுத்தார். 1857-ல் ஃபாரடே அவருக்கு எழுதிய கடிதத்தில், கணித அறிஞர்கள் தங்கள் முடிவுகளை எங்களைப் போன்றவர்களுக்குப் புரிகிற சாதாரண மொழியிலும் சொல்லக் கூடாதா என்று கேட்டிருக்கிறார். கணக்கு தேவையில்லை என்பதற்கு இதைச் சாட்சியாக இழுக்காதீர்கள். மேக்ஸ்வெல்லின் கணக்கு இல்லாவிட்டால் வானொலிக்கு வழி பிறந்திருக்காது. ஃபாரடே தனக்கு எது வரும் என்பதையும் எதற்கு இன்னொருவர் வேண்டும் என்பதையும் அறிந்திருந்தார். அந்த அறிவு நம் பிள்ளைக்கு வரவேண்டுமானால், முதலில் அவனுக்கு எது வரும் என்று யாராவது அவனிடம் சொல்லியிருக்க வேண்டும்.

கம்ப்யூட்டர் பக்கம் வந்தால் பெற்றோரின் குழப்பம் இன்னும் அதிகம். நிரல் எழுதக் கணக்கு வேண்டுமா? என்ன நிரல் என்பதைப் பொறுத்தது. விளையாட்டில் முப்பரிமாண உருவம் திரும்பி ஓட வேண்டுமானால் முக்கோணவியலும் வெக்டரும் வேண்டும். இணையதளம் கட்டுவது, மென்பொருளைச் சோதிப்பது, தரவுத்தளத்தைப் பராமரிப்பது, சர்வரையும் நெட்வொர்க்கையும் பார்த்துக்கொள்வது போன்ற வேலைகளில் தொகையீடு போடச் சொல்லி யாரும் கேட்பதில்லை. ‘இது உண்மை, அது பொய்யானால் என்ன நடக்கும்’ என்று படிப்படியாகப் பிரித்து யோசிக்கிற பொறுமை வேண்டும். பிழைச் செய்தியை முழுதாக வாசிக்கிற பழக்கம் வேண்டும். இது எத்தனை பேருக்கு இல்லை என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். நெட்வொர்க்கில் இரண்டின் அடுக்குகள் தெரிந்தால் பெரும்பகுதி ஓடிவிடும். முதல் குரூப் எடுக்காமல் வணிகக் கணிதம் படித்த பிள்ளைகளையும் பி.சி.ஏ.வில் பல கல்லூரிகள் சேர்த்துக்கொள்கின்றன. எம்.சி.ஏ. வரை போக எண்ணம் இருந்தால் மட்டும் ஒன்றைக் கவனியுங்கள்: பிளஸ் டூவிலோ பட்டப் படிப்பிலோ கணிதம் படித்திருக்க வேண்டும் என்று பல இடங்களில் கேட்பார்கள். பி.சி.ஏ. பாடத்திட்டத்தில் கணிதத் தாள் இருக்கிறதா என்று சேரும்போதே பார்த்துக்கொள்வது நல்லது.

இனி ஐ.டி.ஐ. இந்தச் சொல்லைக் கேட்டதும் முகம் சுளிக்கிறீர்களே, அதைத்தான் பேச வேண்டும். ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட், எலெக்ட்ரீஷியன் எல்லாம் இரண்டு வருடம். வெல்டர் ஒரு வருடம். வெல்டிங்கில் 6ஜி என்று ஒரு நிலை உண்டு. குழாயை 45 டிகிரி சாய்வில் அசையாமல் பொருத்திவிடுவார்கள். வெல்டர்தான் அதைச் சுற்றி வந்து, மேலும் கீழும் பக்கவாட்டிலுமாக ஒரே மாதிரி பற்றவைக்க வேண்டும். பிறகு எக்ஸ்ரே எடுத்து உள்ளே குமிழி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இதில் தேறிய கைக்குத் திருச்சி ஃபேப்ரிகேஷன் பட்டறைகளிலிருந்து வளைகுடா எண்ணெய் ஆலைகள் வரை மதிப்பு இருக்கிறது. “வெல்டருக்கு யார் பொண்ணு கொடுப்பாங்க?” என்கிறீர்கள். அரியரோடு வீட்டில் உட்கார்ந்திருக்கிற பி.இ.க்கு வரிசையில் நிற்கிறார்களா?

ஐ.டி.ஐ.யோடு வழி அடைந்துவிடுகிறது என்பதும் நம் அறியாமை. இரண்டு வருட ஐ.டி.ஐ. முடித்தவர் டிப்ளமோ இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். டிப்ளமோ முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். ஆனால் இந்த இரண்டாவது ஏற்றத்தில் ஒரு பொறி இருக்கிறது. எம்-ஒன், எம்-டூ படிக்காமல் அந்தப் பிள்ளை நேராக எம்-த்ரீ வகுப்பில் போய் விழுவான். டிப்ளமோவில் எண்பது சதவீதம் வாங்கியவர்கள்கூட அங்கே திணறுவதைப் பார்க்கிறேன். சேருவதற்கு முந்தைய கோடை விடுமுறையில் வகையீடு, தொகையீடு இரண்டையும் உட்கார்ந்து பழகியவர்கள் தப்பித்துவிடுகிறார்கள். அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்களுக்குப் ‘புதுமைப் பெண்’, ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டங்களில் கிடைக்கிற மாதம் 1,000 ரூபாய் ஐ.டி.ஐ., டிப்ளமோ படிப்பவர்களுக்கும் உண்டு. பணம் இல்லை என்பதைவிடப் பக்கத்து வீட்டுக்காரர் என்ன சொல்வார் என்பதுதான் பல வீடுகளில் தடையாக இருக்கிறது.

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களிடம் தனியாகச் சண்டை போட வேண்டும். பையனுக்குக் கணக்கு குறைந்தால் டிப்ளமோவா, ஐ.டி.ஐ.யா, பட்டறையா என்று நாலு இடத்தில் விசாரிக்கிறீர்கள். பெண்ணுக்குக் குறைந்தால் “ஏதாவது ஒரு டிகிரி” என்று முடித்துவிடுகிறீர்கள். மகளிருக்கென்றே அரசு ஐ.டி.ஐ.க்கள் இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்? ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் பக்கம் எலெக்ட்ரானிக்ஸ் ஆலைகளில் உற்பத்தி வரிசை முழுக்கப் பெண்கள் நிற்கிறார்கள். அந்த மெஷின் நின்றுபோனால் பழுது பார்க்க வருகிற டெக்னீஷியன்களில் பெண்கள் ஏன் அவ்வளவு குறைவு என்பதற்குப் பதிலை ஆலையில் தேட வேண்டாம், நம் வீட்டுக் கூடத்தில் தேடலாம்.

சேர்க்கைக் காலம் நெருங்குகிறது. கல்லூரி அலுவலகத்தில் போய் பஸ் எங்கிருந்து வருகிறது, ஹாஸ்டல் சாப்பாடு எப்படி, பிளேஸ்மெண்ட் எத்தனை என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். போன வருடம் முதல் செமஸ்டர் கணிதத் தாளில் இந்தப் பிரிவில் எத்தனை பேர் எழுதினார்கள், எத்தனை பேர் தேறினார்கள், கணக்கில் பின்தங்கியவர்களுக்குத் தனி வகுப்பு உண்டா, அதை யார் எடுக்கிறார் என்று கேளுங்கள். ஐ.டி.ஐ.யோ பாலிடெக்னிக்கோ ஆனால் வேலை நேரத்தில் போய்ப் பட்டறையைக் காட்டச் சொல்லுங்கள். லேத்தின் மேல் தூசி படிந்திருக்கிறதா, இரும்புச் சுருள் கிடக்கிறதா என்று பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும். கேட்டதற்கு அலுவலகத்தில் பதில் வராவிட்டால் கேட்டுக்கு எதிரே டீக்கடை இருக்கும். மூன்றாம் ஆண்டுப் பையன்கள் நாலு பேர் அங்கே நிற்பார்கள். எம்-ஒன் எப்படி, யார் நன்றாக நடத்துகிறார், எத்தனை பேர் அரியர் என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்வார்கள். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். கேள்விகளை அவனே கேட்கட்டும். நீங்கள் டீக்குக் காசு கொடுத்தால் போதும்.